நெட்டைக்கு வராத பந்து

எங்கள் வீட்டில் கூடைப்பந்து ஆட்டம் ஒரு நாற்பது பக்க நோட்டுக்குள் நடந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை லீவு அது. அதோடு என் படிப்பே முடிந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டேன். என் கவலை எல்லாம் ஒரு பந்தின் மேல் இருந்தது.

அந்தப் பந்து சித்தப்பாவுடையது. ராஜபாளையத்தில் மில் அணிக்கு ஆடியவர், முழங்கால் முட்டு போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேத்துப் பட்டறைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். மத்தியானச் சாப்பாடு அங்கே அத்தை வீட்டில். அணியில் கழித்துப்போட்ட பந்து ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். தேய்ந்து வழுக்கையாகிவிட்டாலும் நிஜப் பந்து. எனக்கும் அது வேண்டும், அத்தை மகன் மச்சானுக்கும் வேண்டுமாம். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பையன்கள் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. நான் குட்டை. வாய் திறந்து கேட்கவும் கூச்சம். பந்தே என்னுடையது என்றால் யார் என்னை வெளியே நிற்கச் சொல்ல முடியும்?

யாருக்குப் பந்து என்று முடிவு செய்ய சித்தப்பா ஒரு போட்டி வைத்தார். ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரர்கள், எல்லாம் காகிதத்தில். வாரத்துக்கு மூன்று மார்க் கிடைக்கும். யாருக்கு எதில் பயிற்சி என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடையில் எறிவதா, தாவுவதா, தடுப்பதா, பந்தைக் கைமாற்றுவதா, அது நம் இஷ்டம். ஒருவனுக்கு ஒரு வித்தையில் ஆறு மார்க்குக்கு மேல் கிடையாது. ஆட்டத்தில் பகடை உருட்டினால் விழும் எண்ணுக்கு உரியவன் கையில் பந்து. ஆறு விழுந்தால் பந்து வெளியே. கைமாற்றத் தெரிந்தவன் பந்தை வேண்டியவனுக்குக் கொடுக்கலாம். தெரியாதவன் அவனேதான் எறிய வேண்டும். எறியப் பழகாதவன் எறிந்தால் கூடை விழாது. ஆறு வாரம் பயிற்சி, கடைசியில் அத்தை வீட்டில் ஆட்டம்.

நான் யோசிக்கவே இல்லை. என் ஐவரில் ஒருவனுக்கு நெட்டை என்று பெயர் வைத்திருந்தேன். மூன்று மார்க்கையும் வாராவாரம் அவனுக்கே கொட்டினேன். எறிவதில் ஆறு, தாவுவதில் ஆறு, தடுப்பதில் ஆறு. ஒல்லி, குண்டு, சுருட்டை என்றிருந்த மற்றவர்கள் வெறும் பேர்.

எதிரணியின் சீட்டு சித்தப்பாவின் சட்டைப் பையில் கிரீஸ் கறையோடு வரும். எண்ணுக்குப் பதிலாக வரிசை பிசகாத புள்ளிகள் வைத்திருப்பது மட்டும் வெளியே தெரியும்.

“சித்தப்பா, மச்சான் யாருக்குப் போட்டிருக்கான்? சொல்லுங்க.”

“ஏலே, அம்பயர்கிட்டயே வேவு பாக்கியா? ஓடிரு.”

“ஒரு ஆளு பேரு மட்டும்.”

“ஒன் நெட்டையப் பத்தி மட்டும் கவலப்படு. மத்த நாலு பேரும் சோடா குடிக்க வந்தவனுக மாதிரி நிக்கானுவ.”

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாக உட்கார்ந்து பகடை உருட்டி, பழக்க ஆட்டத்தின் முடிவை மட்டும் சொன்னார். மூன்றிலும் நானே ஜெயித்தேன். அந்தப் பக்கம் ஒரு கூடைகூட விழவில்லை. பந்தை எங்கே வைப்பது என்று இடம்கூடப் பார்த்துவிட்டேன். அரிசி டிரம்முக்கு மேலே.

கடைசி ஆட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சித்தப்பா நடுவில் உட்கார்ந்து இரண்டு கணக்கையும் விரித்தார். மச்சான் கொய்யாப்பழம் தின்றுகொண்டு கூரையைப் பார்த்தான். அவன் தங்கை சற்றுத் தள்ளி, எங்களைப் பார்க்காமல் அவரைக்காய்க்கு நார் உரித்தாள். பகடை உருளும்போதெல்லாம் அவள் கை நின்றது.

அந்த அணியில் ஐந்து பேருக்கும் கைமாற்றத் தெரிந்திருந்தது. மிச்ச மார்க்கில் ஒரே ஒருவனை எறியப் பழக்கியிருந்தார்கள். யார் கைக்குப் பந்து வந்தாலும் அது அவனிடம் போய்ச் சேர்ந்தது. என் பக்கத்தில் ஒல்லி கைக்கு வந்தது, குண்டு கைக்கு வந்தது, சுருட்டை கைக்கு வந்தது. நெட்டைக்குக் கொடுக்க ஒருவனுக்கும் தெரியவில்லை. எனக்குக் கிடைத்த பத்து உருட்டலில் ஒரே முறைதான் நெட்டை கைக்குப் பந்து வந்தது. போட்டான். அவ்வளவுதான்.

“எட்டுக்கு ஒண்ணு,” என்றார் சித்தப்பா.

“யாரு ஜெயிச்சா?” என்று கேட்டான் மச்சான். திமிர் என்று நினைத்து அவன்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவரைக்காய்ப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பும் பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா பந்தோடு வீட்டுக்கு வந்தார். “ஜெயிச்சவிய குடுத்து விட்டாவ,” என்றார். மச்சானுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று எனக்குப் புரியவில்லை. பந்தோடு ஒரு சீட்டும் இருந்தது. ‘முதலில் கைமாற்றப் பழகு’ என்று எழுதி, கீழே மூன்று புள்ளிகள்.

ரோஷத்தில் கிழித்துப் போட்டேன். ஆனால் மைதானத்தில் பந்து கைக்கு வந்ததும் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இருந்தவர்களிலேயே உயரமான பையனிடம் போட்டேன். அவன் கூடையில் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைத் தூக்கினான். அதன் பிறகு நான் போகாமல் அங்கே ஆட்டம் ஆரம்பித்ததில்லை.

பதினாலு வருசம் கழித்து, எனக்கும் அத்தை மகளுக்கும் கல்யாணம் நடந்தது. மதியப் பந்தியில் பக்கத்தில் அவள். கூச்சத்தில் நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளே மெல்லக் கேட்டாள்.

“ஒங்க நெட்டைக்கு இன்னும் பந்து வரலையா?”

நிமிர்ந்து, எதிரே சாம்பார் வாளியோடு நின்ற மச்சானைப் பார்த்தேன்.

“என்னய ஏம்லே பாக்க? எனக்கு அந்த ஆட்டத்துல ரூல்கூடத் தெரியாது. அம்புட்டும் இவ எழுதுனது. பொட்டப்புள்ளனு தெரிஞ்சா நீ வெக்கப்பட்டு ஒரு சீட்டுகூட எழுத மாட்டேன்னு ஒன் சித்தப்பாதான் மூச்சு விடக் கூடாதுன்னாரு.”

வாசல் பக்கம் நின்றிருந்த சித்தப்பா அவசரமாக வேறு எங்கேயோ பார்த்தார். ஆறு வாரம் நான் மச்சானோடு ஆடியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தவள் ஏன் பந்தைக் கொடுத்து விட்டாள் என்று அவளிடம் கேட்கலாம்தான். என்னமோ, இன்றுவரை கேட்கவில்லை. அன்று என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தேன்.

“பரவாயில்லயே, பழகிட்டீங்க,” என்றாள்.