கேள்விக்குறியாகிப் போன பாடங்கள்

விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்குப் பார்வை கிடையாது. பாடங்களை ஒலியாக மாற்றிக் கேட்டுத்தான் வகுப்புக்குத் தயாராவார். அதற்காக அவருடைய லினக்ஸ் கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். மவுஸ் அவருக்குப் பயன்படாது. நிரலின் பெயர், படிக்கும் வேகம், பாடக் கோப்பின் பெயர் மூன்றையும் ஒரே வரியில் தட்டிவிடுவார். அந்த வரியைப் பிரித்து எது வேகம், எது பெயர் என்று தெரிந்துகொள்வதுதான் நிரலின் முதல் வேலை.

அந்தக் கணினி பழுதாகி, விண்டோஸ் மடிக்கணினி வந்தது. வரியைப் பிரிக்க லினக்ஸில் தயாராகக் கிடைத்த பகுதி இதில் இல்லை. திண்டிவனத்தில் வீட்டில் உட்கார்ந்து நானே எழுதினேன். ஒழுங்காக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய் அவர் கணினியில் போட்டேன்.

அக்கா வரியைத் தட்டினார். திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் குரல், "கொஸ்டின், கொஸ்டின், கொஸ்டின்" என்று அடுக்கிக்கொண்டே போனது.

"இன்னாம்மா இது? நான் பாடம் கேட்டா, அது கேள்வி கேட்டுக்கினு இருக்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் சோதித்த கோப்புகளுக்கு ஆங்கிலப் பெயர். அவருடையவை எல்லாம் தமிழ்ப் பெயர். நான் எழுதியிருந்த முறையில் தட்டிய வரியை வாங்கினால், விண்டோஸ் தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறிகளாக்கித்தான் கொடுக்கும். அந்தக் குறிகளை நிரல் திரையில் காட்ட, குரல் அவற்றைத்தான் படித்தது.

"பேரை மட்டும் இங்கிலீஷ்ல மாத்திக்கலாமாக்கா? ஜல்தியா முடிஞ்சிடும்."

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"இங்கிலீஷ்ல தமிழை எழுதினா இந்தக் குரல் கண்டபடி படிக்கும்மா. நீ கண்ணால பார்த்து எடுத்துருவ. எனக்குப் பேரைக் கேட்டாதான் எந்தப் பாடம்னு தெரியும்."

அந்த யோசனையை விட்டேன். அங்கேயே உட்கார்ந்தேன். தட்டிய வரி முழுவதையும் எழுத்து கெடாமல் வாங்க விண்டோஸில் வேறொரு வழி இருக்கிறது. அப்படி வாங்கி நானே பிரித்தேன். பெயரின் இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி போடுவது லினக்ஸில் அக்காவின் விரல்களுக்கு வந்த பழக்கம். விண்டோஸ் அதை மதிக்காது. என் நிரலை மதிக்க வைத்தேன். இடையில் சூடாகக் கேப்பை அடை வந்தது. தின்றுகொண்டே திருத்தினேன்.

மறுபடி தட்டினார். குரல் பாடத்தின் தலைப்பைச் சுத்தமாகச் சொல்லி, முதல் பத்தியைத் தொடங்கியது. என்ன செய்தேன் என்று விளக்க வாயெடுத்தேன்.

"இரும்மா, கேட்டுக்கினு இருக்கேன்" என்றார்.