முத்துமீனா மதினியின் மடிப்புக் குமிழ்

என் அண்ணன் சிவனாண்டிக்கு வில்லாபுரத்தில் மைக்செட் கடை. இருபது வருடமாக அவருக்கு ஒரே எதிரி, பிசிறு. ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தாலே போதும், கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடும். அவருக்குப் போய் வாய்த்தார் முத்துமீனா மதினி!

பாலிடெக்னிக் லேபில் வேலை பார்க்கும் மதினி, மூன்று வருடம் உட்கார்ந்து சொந்தமாக, மின்சாரத்தில் ஒலி எழுப்பும் ஓர் இசைக்கருவி, அனலாக் சிந்தசைசர் செய்தார். அதில் ஒரு குமிழின் மேல்தான் அவருக்கு உயிர். ஒலியலை அளவு மீறினால் அண்ணனின் ஆம்ப்ளிஃபயர் அதன் தலையை வெட்டிவிடும். மதினியின் சர்க்யூட் வெட்டாது. மிஞ்சியதைப் புடவைக் கொசுவம் போல மடித்துத் திருப்பிவிடும். குமிழைத் திருகத் திருக மடிப்பு கூடி, விசில் மாதிரி இருந்த ஒலி தடித்து மினுங்கும். ஹெட்போனில் கேட்டு நான் சொக்கிப்போனேன்.

அண்ணனின் ஸ்பீக்கரில் மட்டும் அது சவசவவென்று வந்தது. நாலு தடவை பிரித்துப் பார்த்தும் மதினிக்குப் பழுது தெரியவில்லை.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் என் மகள் ரோகிணிக்குக் காதுகுத்து. "இன்னைக்கும் சரியா வரலைன்னா இந்தப் பெட்டியை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுருவேன்" என்றார் மதினி.

வாசித்தார். அதே சவசவ. முகம் சுண்டிப்போய் நிறுத்திவிட்டார்.

"தாய்மாமன் வந்து உக்காருங்க" என்று ஆசாரி கூப்பிட்டார். அண்ணன் மைக்செட் மிக்சரில் சத்தத்தைப் பழையபடி ஏற்றி வைத்துவிட்டுப் போய், திமிறிய பிள்ளையை மடியில் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். ஊசி ஏறும் நேரம், மதினி கடைசியாக ஒருமுறை குமிழைத் திருகினார்.

ஒலி விரிந்தது பாருங்கள்! கோயில் வாசலே நிறைந்துபோனது.

"பிசிறுது! யாராச்சும் குறைங்கப்பா!" என்று மடியில் பிள்ளையோடு அலறினார் அண்ணன்.

மதினி திரும்பினார். "ஏங்க, இம்புட்டு நாளும் நீங்கதான் குறைச்சீகளா?"

"ஸ்பீக்கர் போயிருமேன்னுதான் மீனா..."

கூட்டமே சிரித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ரோகிணி அழ மறந்து ஸ்பீக்கரையே பார்த்தாள். இரண்டு காதும் குத்தி முடிந்துவிட்டது. கை கட்டுப்பட்டிருந்த அண்ணன், வேறு வழியில்லாமல் முதன்முறையாக முழுசாகக் கேட்டார்.

பிள்ளையை என்னிடம் கொடுத்ததும் நேரே மிக்சருக்குப் போனார். சத்தக் குமிழில் கை வைத்தார். குறைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

சத்தத்தை ஏற்றினார்.

"இன்னுங் கொஞ்சம் திருகு மீனா" என்றார்.