ரவுண்டு குச்சி

ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் அடியில் மிஞ்சுகிற குச்சியை எல்லோரும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நான் அதை இரண்டு விரலால் ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். சின்ன வயதில் வந்த பழக்கம்.

அப்போது நாங்கள் மைசூரில், மண்டி மொஹல்லாவில் குடியிருந்தோம். எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய சந்து. அதில் ஒரே அறை எங்கள் வீடு. அப்பா கட்டட வேலைக்குக் கம்பி கட்ட பெங்களூர் போய்விடுவார், மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். அம்மா வீட்டிலேயே பத்தி உருட்டினாள். தம்பி கைக்குழந்தை. மடியில் அவன், முன்னால் பலகை, பக்கத்தில் கரித்தூள் பிசைந்த மசாலா. ஒரு கையால் அவனைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் உருட்டுவாள்.

எல்லை தாண்டிக் கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்ததே இந்த வேலைக்காகத்தான். குழந்தையை வைத்துக்கொண்டே செய்யலாம் என்று சொல்லி எங்களை வரவழைத்தது மாமா, அம்மாவின் தம்பி. இது நின்றுபோனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பால்குடி மறக்காதவனை யாரிடமாவது விட்டுவிட்டு வெளி வேலைக்குப் போக வேண்டும். இந்த இரண்டில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

மாமாவுக்கு ஒரு பத்திக் குடோனில் வேலை. அங்கிருந்து குச்சியும் மசாலாவும் சைக்கிளில் கொண்டுவந்து சந்து முழுவதும் வீடு வீடாகப் போடுவார். உருட்டிக் காய்ந்ததைத் திரும்ப எடுத்துப்போவார். வாசனையெல்லாம் அங்கே போன பிறகுதான் ஏறும். எங்கள் வீட்டில் இருக்கிற வரைக்கும் அது வெறும் கரிக்குச்சி.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குச்சி பொறுக்குவது என் வேலை. அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குச்சிகள் கையால் சீவியவை. நாலு பக்கமும் விளிம்பு இருக்கும். கோணலானதை ஒதுக்கி, சிலாம்பை உரித்து, நல்லதை மட்டும் அம்மா பக்கம் தள்ள வேண்டும். தினம் ஒரு சிலாம்பாவது விரலில் ஏறும். அம்மா தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கால் அதைக் கிளறி எடுப்பாள். நகத்தடியில் கரி போகவே போகாது. பள்ளியில் டீச்சர் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கும் நாளில் நான் கடைசி ஆளாகப் போய் நிற்பேன்.

ஒரு நாள் மாமா புது மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே இருந்த ஒரு கட்டை அவிழ்த்ததும் குச்சிகள் தரையில் மழை மாதிரி உருண்டு ஓடின. எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், எங்கும் சிலாம்பு இல்லை.

"ரவுண்டு குச்சி, பாப்பா. வியட்நாமாம். கப்பல்ல வந்திருக்கு" என்றார் மாமா.

அம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அத்தனை தூரத்திலிருந்தா என்று கேட்டாள்.

"தூரமென்னக்கா தூரம். நாம வரப்போ பாலாறு செக்போஸ்ட்ல பஸ்ஸ நிறுத்தி, உன் பாத்திர மூட்டையக்கூடப் பிரிச்சுப் பார்த்தான். இத யாரு பிரிச்சா? ஜம்முனு வந்து இறங்கியிருச்சு."

அன்றிலிருந்து எனக்குப் பொறுக்குகிற வேலை இல்லை. கட்டை அவிழ்த்து அம்மா பக்கம் வைப்பதோடு சரி. கட்டுகளை மெல்லிய மூங்கில் நாரால் கட்டியிருந்தார்கள். பெரும்பாலும் இறுக்கமான, ஒழுங்கான முடிச்சு. ஒவ்வொரு மூட்டையிலும் சில கட்டுகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். நாரை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி, நுனியை வெளியே நீட்டவிட்டு, கொஞ்சம் தொளதொளவென்று. நான் தலைக்கு ரிப்பன் கட்டினால் அப்படித்தான் இருக்கும். அதைக் கட்டுவது என் வயசுப் பெண் என்று முடிவு செய்துகொண்டேன். அம்மாவிடம் காட்டியபோது, "இருக்கும், அங்கயும் ஒருத்தி உக்காந்துதானே கட்டுவா" என்றாள். அந்த நார்களை மட்டும் ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தேன்.

என் விரல்களைக் காப்பாற்றியவளுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்தது ஒரு சிவப்பு ரிப்பன். மாமாவிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கப்பல்காரனைத் தனக்குத் தெரியும் என்றார். அதற்குப் பிறகு அவர் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் பதில் வந்ததா என்று கேட்பேன். கடல் பெரிசு, ஸ்வல்ப பொறு, கொஞ்ச நாள் ஆகும் என்பார்.

என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு சனிக்கிழமை என்னையும் சைக்கிள் முன்கம்பியில் வைத்துக் குடோனுக்குக் கூட்டிப்போனார். அங்கே நான் அதுவரை பார்க்காத ஒரு மெஷின் இருந்தது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் வெள்ளைக் குச்சி உள்ளே போக, மறுபக்கம் கரி பூசிய பத்தியாக ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பிக்கொண்டே இருந்தது. அதுவும் கடல் தாண்டி வந்ததுதானாம். ஓட்டியவர் பீகாரிலிருந்து ரயிலில் வந்தவர். கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நானும் உதவி செய்யலாம் என்று, மூலையில் குவித்திருந்த பழைய சதுரக் குச்சியில் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவரும் விளையாட்டாக அதை வாங்கி உள்ளே விட்டார். மெஷின் ஒரு தடவை கடகடத்து நின்றுவிட்டது. அவர் குறடால் அதைப் பிடுங்கி எடுத்து இந்தியில் ஏதோ சொன்னார்.

"அத இது முழுங்காதாம், பாப்பா" என்றார் மாமா. "ரவுண்டு குச்சிதான் வேணுமாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு மாமா உள்ளே போய் முதலாளியிடம் வெகுநேரம் பேசினார். காது கொடுத்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர், கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்த் திரும்பினார். மறுபடி உள்ளே போய் ஒரே ஒரு கட்டோடு வந்தார். அதில் நார் இல்லை. நீல ரிப்பன் கட்டியிருந்தது.

வீடு வரைக்கும் அந்தக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன். சைக்கிளின் பின்பக்கம் காலியாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. வாசலிலேயே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பதில் வந்துவிட்டது, நீல ரிப்பன். அங்கே ஒரு மெஷின் இருக்கிறது, அதுவே பத்தி உருட்டுகிறது, அதற்கு நம் ரவுண்டு குச்சிதான் பிடிக்கும், பழையது பிடிக்காது.

அம்மாவின் கை பலகை மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தாள்.

"மூட்டை எங்கடா?"

மாமா செருப்பைக் கழற்றாமலே நின்றார். "இனிமே வீட்டுக்குப் போடலையாம்க்கா. இன்னும் ரெண்டு மெஷின் வருதாம். என்னையவே வேற வேலை பார்த்துக்கச் சொல்லிட்டாங்க."

"இவன எங்கடா வுடுவேன்?"

தம்பி அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ரிப்பனை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"அவ அனுப்பிட்டாளா?" என்று ரிப்பனை வாங்கிக்கொண்டு கேட்டாள். "நல்லாருக்கு கண்ணு. கட்டி விடறேன்."

பிறகு எழுந்து பலகையைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அது காய்ந்தபோது உண்மையில் வெளிர் மஞ்சள் நிறம் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரமே அம்மா சட்டை தைக்கிற ஃபேக்டரி ஒன்றில் சேர்ந்தாள். காலையில் வேன் வரும். தம்பியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டாள். முதல் சில நாள் சந்து முனை வரைக்கும் அவன் அழுகை கேட்டது. ஃபேக்டரியில் தைக்கிற சட்டையெல்லாம் கப்பலில் போகிறதாம். அப்படியானால் நார் கட்டியவளுக்கும் ஒன்று போகும் என்று நான் நினைத்தேன். வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டார்கள். வகுப்பில் வேறு யாரிடமும் சாவி இல்லை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடை வாசலில் அதே நீல ரிப்பன் சுருள் சுருளாகத் தொங்கியதையும் ஒரு தடவை பார்த்தேன். வியட்நாம் ரிப்பன் இங்கேயும் கிடைக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

அந்த மாதம் டீச்சர் கையை நீட்டச் சொன்னபோது நான் முன்வரிசையில் போய் நின்றேன். தலையில் நீல ரிப்பன். நகத்தடியில் கரி இல்லை, விரலில் சிலாம்பு இல்லை. டீச்சர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோடு, ஈக எஷ்டு சென்னாகிதெ" என்று, இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது பார் எனக் கன்னடத்தில் மெச்சினார்.

எல்லாம் அந்தப் பெண் செய்த உபகாரம் என்று மனசுக்குள் அவளுக்கு நன்றி சொன்னேன்.