பழையதாக அச்சடித்த கல்யாணப் பத்திரிகை

நான் சொல்லப்போகும் பொய் எடுபட வேண்டும் என்று ஆண்டவரிடம் ஜெபித்தவள் நான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தவக்காலம் முழுவதும். உபவாசம் வேறு இருந்தேன். வெட்கத்தை விட்டுத்தான் இதை உங்கள் முன் சொல்கிறேன்.

என் பெயர் கிருபா. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். வெள்ளிமலையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் சேகர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சபையில், மூன்று ஞாயிறு சபையார் முன்னால் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் அவருடைய சாதிச் சான்றிதழில் இந்து என்றுதான் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். கிறிஸ்தவர் என்று எழுதினால் சட்டப்படி பட்டியல் சாதி உரிமை போய்விடும். நாங்கள் சாமியை மாற்றிக்கொண்டோம், தெருவை யாரும் மாற்றித் தரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று என்று வாழப் பழகிவிட்டோம். அது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. தெருவே சேர்ந்து இவரை நிற்கச் சொன்னது. காரணம் சுடுகாட்டுப் பாதை. மழைக்காலத்தில் எங்கள் பிணங்கள் மரவள்ளிக் காட்டு வரப்பில்தான் போக வேண்டும். என் மாமியாரைக் கொண்டுபோனபோது தூக்கியவர்கள் பெட்டியோடு சறுக்கி விழுந்தார்கள். அதை என் வீட்டுக்காரர் மறக்கவே இல்லை. ஜெயித்த கையோடு பாதையில் பாதி தூரத்துக்கு ஜல்லி கொட்ட வைத்தார்.

தோற்றவர் சும்மா இருப்பாரா? சேகர் கிறிஸ்தவர், அந்தப் பதவிக்கு நிற்கவே உரிமையில்லை என்று மனுப் போட்டார். மனைவியையும் கூட்டிக்கொண்டு விசாரணைக்குக் கள்ளக்குறிச்சிக்கு வரும்படி கடிதம் வந்தது.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. வசனக் காலண்டர் அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது. அவர் சபைக்கு வருவதை நிறுத்தினார், என்னையும் நிறுத்தினார். விவாகப் பதிவேடு தொலைந்துவிட்டது என்று சொல்லும்படி போதகரிடம் கேட்டிருக்கிறார். அவர் முடியாது என்றதும் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்ததாக ஒரு பத்திரிகை இருந்தால் போதும் என்று கட்சிக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சகத்துக்கு நானே போய் விவரம் எழுதிக் கொடுத்தேன். வந்த பத்திரிகையை மரவள்ளிக்கிழங்கு வில்லை காயவைப்பதுபோல் மொட்டை மாடியில் வெயிலில் போட்டுப் பழுப்பாக்கினோம்.

"இன்னாங்க, நம்ம கல்யாணத்தையே இல்லன்னு சொல்லணுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கல்யாணத்த யாரு இல்லன்றது? எடத்ததான் மாத்திச் சொல்றோம். பாதை பாதியில கெடக்குது கிருபா. அத மட்டும் நெனச்சிப் பாரு."

அவர் பேராசைக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் ஜெபிக்க முடியாததால் வெள்ளிமலை பஸ்ஸில் ஜெபித்தேன். மலை வளைவுகளில் நான் கண்ணை மூடினால், வாந்தி வருகிறதோ என்று பயந்து பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலோரம் இடம் விடுவார்கள். அங்கே உட்கார்ந்து அந்தப் பொய்க்காகக் கெஞ்சினேன். விசாரணைக்கு முந்தின நாள் மலையிறங்கும்போது மட்டும் அந்த ஜெபம் வரவே இல்லை. உதடு அசைந்தது, வார்த்தை இல்லை. "ஆண்டவரே, எங்க ரெண்டு பேரையும் பிரிச்சிடாதீங்க" என்பது மட்டும் வந்தது. அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் விசாரணையில் அதிகாரி அந்தப் பத்திரிகையை வாங்கிப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணமாகி எவ்ளோ வருஷம்?"

"பதினெட்டுங்க."

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி கள்ளக்குறிச்சி மாவட்டம் ஏதும்மா? இதெல்லாம் அப்ப விழுப்புரமாச்சே."

மாவட்டம் பிரிந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. இப்போது எல்லா மனுவிலும் எழுதிப் பழகிய கை, விலாசத்தை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டது. பாழாய்ப்போன என் கைதான்.

கட்சிக்காரர் என் வீட்டுக்காரர் காதருகே குனிந்தார். எனக்கும் கேட்டது. "கல்யாணமே நடக்கல, சும்மா சேந்து வாழ்ந்துக்கினு கீறோம்னு சொல்லிடு. பத்திரிகைய அந்தம்மா தானா அடிச்சிக்கினு வந்துச்சு, எனக்குத் தெரியாதுன்னுடு. பதவி நிக்கும்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிரவே இல்லை. நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். மூன்று மாதமாக அவர் சொல்லாத பொய்யா? வெளியே எழுந்து போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

"சார்," என்றார். "சர்ச்சுலதான் நடந்துச்சு. ஊரறிய நடந்துச்சு. பத்திரிகைய அடிக்கச் சொன்னது நான்தான், அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க. இவங்க என் சம்சாரம்."

அவ்வளவுதான். சான்றிதழ் ரத்தானது, பதவி போனது. பொய்ப் பத்திரிகைக்காகத் தனி வழக்கு இன்னும் நடக்கிறது. பாதை ஜல்லி கொட்டிய இடத்தோடு நின்றுவிட்டது. தெருவில் ஒரு அக்கா என் முகத்துக்கு நேரே கேட்டார்: "உண்மையச் சொல்லி நீங்க பரலோகத்துக்குப் போயிடுவீங்க. எங்க வூட்டுப் பொணம் எந்த வழியா போறது?" தினமும் அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறுகிறேன். நாங்கள் அந்தப் பொய்யோடு வாழும்படி வைத்த சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆண்டவருக்குச் சாட்சி சொல்லும் இடத்தில் அதை மறைத்தால் இதுவும் பொய்தான்.

அவர் இப்போது கூலிக்குக் கிழங்கு பிடுங்கப் போகிறார். அதிகம் பேசுவதில்லை. சபைக்கு வந்தாலும் கடைசி பெஞ்சில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் போய்விடுவார். நானும் கட்டாயப்படுத்தவில்லை.

அன்பானவர்களே, உங்கள் ஜெபம் கோணலாக இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பொய்க்காக ஜெபித்த என்னையே ஆண்டவர் தள்ளிவிடவில்லை. கேட்டதைத் தரவில்லை, நான் கேட்கத் தெரியாமல் விட்டதைத் தந்தார். கஷ்டம் தீரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் அவரிடமே போங்கள்.

போன ஞாயிறு, அந்த வாரத்தில் திருமண நாள் உள்ளவர்கள் ஜெபத்துக்கு முன்னே வரலாம் என்றார் போதகர். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கம் வந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். அவர்தான்.

"ஏந்திரு," என்றார். "நம்மளத்தான் கூப்பிடறாங்க."