மேஸ்திரிக்கு நான் வைத்த சைகை

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் எல்லாம் சைகைதான். டீக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று. பெரிய தோடு போட்ட ஒரு அக்காவுக்குக் காதைத் தொட்டுக் காட்டுவோம். நான் யாரோடும் அதிகம் பேச மாட்டேன். உதட்டின் மேல் விரல் வைத்தால் அது நான்.

எங்கள் மேஸ்திரிக்கு மீசையை முறுக்கிக் காட்டுவோம். கண்டிப்பானவர். இழை அறுந்து கிடந்தால் பின்னால் வந்து நின்றுவிடுவார். அவருடைய இடது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கியே இருக்கும். எப்படி ஆனது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வார லீவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போவேன். அங்கே கேபிள் டி.வி. வந்திருந்தது. அக்கா மகள் இங்கிலீஷ் கார்ட்டூன் ஒன்றை விடாமல் பார்ப்பாள். பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் ஒரு வீரன். அவனுக்கு எதிரி ஓர் இரும்புக் கை வில்லன். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் சதி செய்யும்போதெல்லாம் அந்த வில்லன் வளைந்த கையை மோவாய்க்குக் கீழே வைத்துக்கொள்வது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

மறுநாள் மேஸ்திரி வருவதைப் பார்த்து, பக்கத்து மெஷின்காரிக்கு அப்படியே செய்து காட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் கதையையும் சொன்னேன்.

"ஏட்டி, வாயே தொறக்க மாட்டன்னு நெனச்சா, கையில எம்புட்டு சேட்டை வச்சிருக்க" என்றாள்.

ஒரே வாரத்தில் மீசை மறைந்தது. மடங்கிய கைதான் மேஸ்திரி என்றானது. அதுவரை என்னைக் கவனிக்காதவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சில வாரங்கள் கழித்து அதே கார்ட்டூனில் அந்த வில்லனின் சின்ன வயதைக் காட்டினார்கள். அன்று பேச்சே அதிகம் இல்லை. அதனால் முதல் தடவையாக எனக்கு முழுக்கப் புரிந்தது. பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையனின் கை மெஷினில் மாட்டிக்கொள்கிறது. கட்டுப் பிரித்து, வளைந்த இரும்புக் கையோடு அவன் திரும்பி வரும் அன்று, மற்ற பையன்கள் கையை மடக்கி மோவாய்க்குக் கீழே வைத்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பிறகு அவனும் கையை அப்படியே வைத்துக்கொள்கிறான்.

"சித்தி, இவன் பாவம்லா?" என்றாள் அக்கா மகள்.

மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்தேன்.

மறுநாள் மில்லில் பழையபடி மீசையை முறுக்கிக் காட்டினேன். பக்கத்து மெஷின்காரி என் காதருகே வந்து, "யாரைச் சொல்லுத?" என்று கத்தினாள்.

அன்று புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மேஸ்திரி அவளுக்குச் சைகைகளைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். டீ. சாப்பாடு. தோடு போட்ட அக்கா. உதட்டில் விரல் வைத்து, நான். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு, மடங்கிய கையை மோவாய்க்குக் கீழே வைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தன் பெயரைச் சொல்வதுபோலச் செய்தார். அந்தப் பெண்ணும் திருப்பிச் செய்து காட்டினாள்.

நாலடி தூரம்தான். போயிருக்கலாம். அறுந்த இழையை ஒட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஓய்வுபெற்ற அன்று அவர் ஒவ்வொரு மெஷினாக வந்து விடைபெற்றார். என் முன்னால் உதட்டில் விரல் வைத்துவிட்டு, சற்று நேரம் நின்றார். பதிலுக்கு அவர் சைகையை நான் காட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வயதுக்குத் தரும் மரியாதை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் மில்லில் மன்னிப்புக்கு என்று ஒரு சைகை கிடையாது. ஒரு மனிதரை நோகடிக்க ஒன்றைக் கண்டுபிடித்த நான், அதற்கும் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.