பக்கம் பார்த்துச் செய்த வீடு

என் மேசையின் கடைசி இழுப்பறையில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. பிரான்சில் வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் வீட்டுக்கு வீடு தபால் பெட்டியில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் விளம்பரப் புத்தகத்திலிருந்து கிழித்தவை. முதல் பக்கத்தில் சாம்பல் நிற சோபா, அதன் கைப்பிடிமேல் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலச் சரிந்து கிடக்கும் கம்பளி, பக்கத்தில் உயரமான ஒரு விளக்கு, தாழ்வான மேசைமேல் ஒரு கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள். ஓரத்தில் நீல மையில், தமிழ் எழுதும் பழக்கம் விட்டுப்போன கையெழுத்தில் "எங்க சாலோன்" என்று எழுதியிருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் வீட்டின் கூடத்தை அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாவது பக்கத்தில் வெள்ளைத் திரை போட்ட படுக்கையறை, "என் ரூம்." மூன்றாவதில் சாப்பாட்டு மேசை. நான்காவதில் ஜன்னலோரம் ஒற்றை நாற்காலி.

இன்று வீட்டை அழகுபடுத்தித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டுகிறார்கள். இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது யார் வீடு?" என்பதுதான். வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். வாடிக்கையாளர் சிரித்தால் நாமும் சிரித்துவைக்க வேண்டும் என்பது தொழில் தர்மம். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதற்குக் காரணம், பிரெஞ்சு வழக்கப்படி நான் 'மதாம்' என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஒரு அம்மாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் நான் நேரு வீதிப் பக்கம் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தேன். கடையில் திரைத்துணி, சோபாத் துணி, மெத்தை எல்லாம் உண்டு. தபால் வழியில் உள் அலங்காரம் படித்த ஒரு சான்றிதழ் என்னிடம் இருந்ததால் முதலாளி என்னை 'டிசைனர்' என்று அறிமுகப்படுத்துவார். உண்மையில் என் வேலை, டேப்பை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் ஜன்னலை அளப்பது. மூலக்குளத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். ஊரார் ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துப் போட்ட நான், என் ஜன்னலுக்கு ஒரு பழைய துப்பட்டாவைக் கட்டியிருந்தேன். பார்க்க யார் வரப்போகிறார்கள் என்ற அலட்சியம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து இரவு வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போன நாட்கள் உண்டு. அந்தத் தனிமையை அப்போது நான் தனிமை என்று நினைக்கவில்லை, சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டேன்.

மதாம் கடைக்கு வந்தது ஒரு ஏப்ரல் மாதம். அறுபத்தைந்து வயது இருக்கும். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய பென்ஷனில், உப்பளம் என்ற பகுதியில் அவர் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள், கல்யாணமாகிப் பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறி வெகுகாலம் ஆகியிருந்தது. மதாம் பையிலிருந்து நான்கு பக்கங்களை எடுத்து, கசங்காமல் இருக்க நடுவில் வைத்திருந்த அட்டையோடு மேசைமேல் பரப்பினார். "எம்பொண்ணு வீடு. போட்டோ எடுக்க நேரமில்லம்மா, இந்தப் படத்துல இருக்கற மாதிரிதான் வாங்கிப் போட்டிருக்கோம்னு எழுதியிருக்கா. எங்க வீட்டயும் இதே மாதிரி பண்ணிக் குடு பாப்பா" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஆறு வருடங்களுக்கு முன் மகள் கணவனோடு வக்கான்சுக்கு வந்தாள். வக்கான்ஸ் என்றால் விடுமுறை, ஆகஸ்ட் முழுக்க பிரான்சிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும் காலம், ஊரில் பாதித் தெருக்களுக்குக் களை வரும். ஒரு மாதத்துக்கு என்று வந்தவர்கள் நாலாவது நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். மருமகன் பிரெஞ்சுக்காரர், அவருக்குத் தூக்கம் வரவில்லை, வசதி போதவில்லை. மதாம் தினமும் மீன் குழம்பைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஓட்டல் வாசலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம். "வர்ற ஆகஸ்ட்ல அவ மட்டும் வர்றா. இந்தத் தடவை முப்பது நாளும் அவ எங்கூடத்தான் இருக்கணும். வீடு சரியில்லன்னு ஒரு சொல்லு வரக்கூடாது." அந்த வயதில் ஒருவர் அவ்வளவு வெளிப்படையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நாலு மாதம் நான் அந்த வீட்டிலேயே கிடந்தேன் என்று சொல்லலாம். அப்போது புதுச்சேரியில் சோபாத் துணி என்றால் மெரூனும் தங்கப் பூவும்தான். சாம்பல் நிறத்தைக் கேட்டால் கடைக்காரர்கள் "துக்க வீடா?" என்று விசாரித்தார்கள். கடைசியில் சென்னைக்குப் போய் வாங்கி வந்தேன். ஆசாரியை மதாமே வேலை வாங்கினார். படத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்து, "கால் இவ்ளோ ஒசரம் வேணாம். படத்துல பாரு, உக்காந்தா பாதம் தரையில படற ஒசரந்தான்" என்பார். உயர விளக்கு எங்கும் கிடைக்காமல், இரும்புக் கம்பியை வளைத்துத் தையல்காரரை வைத்துத் துணிக்கூடு போட்டுச் செய்தோம். பார்ப்பதற்கு ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டில் தொங்கவிடும் கம்பி மாதிரியே இருந்தது. அதைச் சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று நான் சொல்லவில்லை. அவரே பார்த்துவிட்டு, "குளுக்கோஸ் ஏத்தலாம் போல" என்றார். அன்று நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பெரிய பாடு கம்பளிதான். ஆகஸ்ட் புழுக்கத்தில் கம்பளி எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன், படத்தில் இருக்கிறதே என்றார். கணவருடைய பட்டாளத்துக் கம்பளி ஒன்று டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை வாசனையோடு இருந்தது, நிறமும் பொருந்தியது. அதைச் சோபாவின் கைப்பிடியில் சரியவிட்டு வருவேன். மறுநாள் போனால் நாலாக மடித்து மூலையில் வைத்திருப்பார். "கலைஞ்சி கெடந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க பாப்பா." அப்படிக் கிடப்பதுதான் அழகு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பிறகு அவரே கொஞ்சம் தள்ளி நின்று, கம்பளியை வீசிப் போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, திரும்ப எடுத்து வீசிப் பழகினார்.

படத்தில் சாமி இல்லை. கூடத்துச் சுவரில் சின்ன பல்ப் எரிந்துகொண்டிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தையும், பதக்கங்களோடு நின்ற கணவரின் மாலை போட்ட புகைப்படத்தையும் என்ன செய்வது என்று நான் தயங்கினேன். மதாமே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினார். ஆண்டவரைத் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோனார். கணவரின் படத்தை முந்தானையால் துடைத்து, "ஒரு மாசந்தான், உள்ள இருங்க. பொண்ணு வர்றா" என்று அதனிடம் சொன்னார். அடிக்க வேண்டிய ஆணியும் அளக்க வேண்டிய சுவரும் எனக்கு நிறைய இருந்தன, ஆனால் அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை. எனக்காக இப்படிச் சுவரைக் காலி செய்ய யாரும் இல்லையே என்று முதன்முதலாகத் தோன்றியது. மூலக்குளத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் மகள் வந்தாள். மூன்றாம் நாள் மதாம் என்னைக் காபிக்கு அழைத்தார். பாராட்டு வாங்கும் ஆசையில் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மகளுக்கு நாற்பது வயது இருக்கும். சோபாவின் நுனியில், அடுத்தவர் வீட்டுக்கு முதல்முறை வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். மதாம் நிற்காமல் பேசினார். உன் வீட்டில் சோபா எந்தச் சுவரைப் பார்த்து இருக்கிறது, அங்கேயும் வெயில் இப்படித்தான் விழுமா, ஆப்பிள் வாரத்துக்கு எத்தனை தடவை மாற்றுவாய். மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி யோசித்துப் பதில் சொன்னாள். காபியை எடுத்தபோது அவள் கையைப் பார்த்தேன். சாயப்பட்டறையிலும் தையல் கடையிலும் எத்தனையோ கைகளைப் பார்த்தவள் நான். அவளுடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து சிவந்திருந்தது.

கிளம்பும்போது தெருமுனை வரை என்கூட வந்தாள். ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றாள். உங்கள் ரசனைதானே, நான் பார்த்துச் செய்தேன், அவ்வளவுதான் என்றேன். அவள் நின்றுவிட்டாள்.

"அந்த சோபாவ நான் இங்கதான் மொதமொதல்ல பாக்கறேன்" என்றாள்.

எனக்குப் புரிவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். கணவன் விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. பதினோராவது மாடியில் ஒரே அறை, அதிலேயே அடுப்பு, பகலில் மடித்து வைக்கும் கட்டில். விடிவதற்கு முன் எழுந்து ஆபீஸ்களைத் துடைக்கப் போகிறாள். "அம்மா போட்டோ கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தபால் பெட்டியில அந்தப் புஸ்தகம் கெடந்துச்சு. கிழிச்சு அனுப்பிட்டேன். பாத்து சந்தோசப்பட்டுட்டு மறந்துடுவாங்கன்னு நெனைச்சேன். கதவத் தொறந்தா நான் சொன்ன பொய் அத்தனையும் சாமானா நிக்குது. ஒண்ணு சொன்னா ஒம்போது கேக்கறாங்க. நெசத்தச் சொன்னா எனக்காக அழுதே செத்துடுவாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாள். சொரசொரப்பான அந்தக் கைக்குள் என் கை இருந்தபோது, சொல்லமாட்டேன் என்றேன். ஒரு ரகசியத்தை என்னிடம் நம்பிக் கொடுத்தவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எட்டாம் நாள் மகள் கிளம்பிவிட்டாள். வேலையில் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லி டிக்கெட்டை மாற்றிக்கொண்டாளாம். அடுத்த வாரம் மதாம் கடைக்குச் சொல்லியனுப்பி என்னை வரச்சொன்னார். கணவரின் படம் இன்னும் உள்ளேதான் இருந்தது. எனக்குக் காபி கொடுத்துவிட்டு, அட்டையோடு அந்த நான்கு பக்கங்களையும் என் மடியில் வைத்தார். "எனக்கு இனிமே வேணாம் பாப்பா. வேற யாருக்காவது பண்ணிக் குடு" என்றார். பிறகு என் பக்கத்தில், அந்தச் சோபாவில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லணும். முனை வரைக்கும் உங்கூட வந்தாளே, வீட்டப் பத்தி ஏதாவது கொறை சொன்னாளா?"

"இல்ல மதாம். அப்படியே அவங்க வீடு மாதிரியே இருக்குதாம். துளி வித்தியாசமில்லன்னாங்க."

அதைக் கேட்டு அவர் முகம் மலரும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். வாக்கையும் காப்பாற்றி, கிழவியையும் சந்தோஷப்படுத்திவிட்டதாக என் நினைப்பு. மதாம் மெல்லத் தலையாட்டினார்.

"போன தடவை வீடு சரியில்லன்னு போனா. சரி, போனா. இப்ப வீட்ல ஒரு கொறையும் இல்ல" என்றார். "அப்ப எங்கூட இருக்கறதுதான் அவளுக்குப் புடிக்கல."

அழவில்லை. வெகுநாளாகப் பிடிபடாத கணக்கு ஒன்று முடிந்துவிட்டதுபோல அமைதியாகத்தான் சொன்னார். மதாம் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன, மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் காப்பாற்றிய வாக்கால் இரண்டு பேரில் யாருக்கு என்ன நன்மை என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். என் ஒரு வாக்கியம் போதும், அந்த அம்மாள் மகளுக்காக அழுதிருப்பார். அழுதுவிட்டு அன்றைக்கே போனைச் சுழற்றியிருப்பார். நான் அதற்குப் பதிலாக, "அப்படியெல்லாம் இல்ல மதாம்" என்றேன்.

"பின்ன என்ன?" என்று கேட்டார். என் முகத்தையே பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

தவளக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று சொல்லி, பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தேன். அன்று தவளக்குப்பத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை.