வாசலில் கட்டத் தந்த குருவிச்சை

தொண்ணூறுகளின் தொடக்கம். இத்தாலியில், மொண்டெல்லோ என்ற கடற்கரைப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டுக் குளியலறையைக் கழுவும்போது கால் வழுக்கி, நெஞ்சு தொட்டி விளிம்பில் இடித்தது. வலித்த இடத்தைத் தடவினேன். கடலை அளவில் ஒரு கட்டி. பயொப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்து, புற்றுநோய் என்றார்கள்.

மார்பை அகற்றியபின் கீமோதெரப்பி (புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் மருந்தேற்றல்) தொடங்கியது. இரண்டு முறை ஏற்றியதும் வருடம் முடிந்தது. பொலிதேயாமாவில் என் கணவர் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா (வீட்டுக்கார அம்மா), புதுவருட அதிர்ஷ்டத்துக்கு வாசலில் கட்டும்படி ஓர் இலைக்கொத்தைக் கொடுத்தனுப்பினார். அதில் வெள்ளைக் காய்கள் இருந்தன.

"இது எங்கட குருவிச்சையெல்லோ!" என்றார் கணவர்.

குருவிச்சை என்பது மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி. அது ஏறிய மரத்தைப் பொறுத்தே அதன் மருந்துக் குணம் என்பார்கள் எங்கள் ஊர் வைத்தியர்கள். மனிதர் சும்மா இருப்பாரா? பல்லரோ சந்தையில் இதே கொத்து விற்றவரிடம் போய், எந்த மரத்தது என்று விசாரித்தார். அப்பிள் மரமாம். நோயாளியைப் பார்க்கப் போனால் வாங்கிப் போகிற பழம்; அவருக்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. இலையையும் காயையும் அவித்துக் கோப்பையில் கொண்டுவந்தார்.

"குடியும், கைக்காது. தேன் விட்டிருக்கிறன்."

கைத்தது. அவர் முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. நாலு நாள் குடித்தேன். வாந்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்று. மூன்றாவது மருந்துக்குப் போனபோது நாடி மிக மெதுவாக அடித்தது.

"வேறு ஏதாவது குடித்தீர்களா?" என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். கணவரைக் காட்டிக்கொடுக்க விருப்பமில்லை. அப்படியென்றால் மருந்துதான் இதயத்தைத் தாக்குகிறது, நிறுத்த வேண்டிவரும் என்றார். நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்று எனக்குத் தெரியும். அப்போதும் வாய் திறக்கவில்லை. என்ன மடைத்தனம்!

பக்கத்தில் இருந்த கணவர்தான் எழும்பினார். தனக்குத் தெரிந்த இத்தாலியன் சொற்கள் எல்லாவற்றையும் கூட்டி, அவித்துக் கொடுத்தது தான்தான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மைக் கொல்லப் பாத்தனேயப்பா" என்று அழுதார்.

டொக்டர் ஏசவில்லை; விளக்கிச் சொன்னார். வடக்கு நாடுகளில் இதன் சாற்றைப் பக்குவப்படுத்தி ஊசியாகப் போடுவோர் உண்டு. அதுவும் கீமோவுக்கு மாற்றல்ல. வீட்டில் இலையையும் காயையும் அவித்துக் குடித்தால் வயிற்றைக் கெடுக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கலாம் என்றார். எங்கள் ஊர்க் குருவிச்சை வேறு இனம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இதே நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது: அன்பாகத் தந்ததையும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து ஒரு கிழமை தள்ளிப்போனது; நிற்கவில்லை. அதுவரை தினமும் என் நாடியை எண்ணும்படி டொக்டர் கணவரைப் பழக்கிவிட்டார்.

சிகிச்சை முடிந்து பல வருடங்களாகின்றன. ஒரு மார்பு இல்லாத உடம்புக்குப் பழகிவிட்டேன். இன்றும் வேலைக்குப் போகுமுன் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுகிறார். நிமிடம் முடிந்த பிறகும் கையை விடுவதில்லை. நானும் இழுத்துக்கொள்வதில்லை.